தொட்டுக் கொடுத்த கையெழுத்து

1

தில்லியில் மோதி பாக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அந்த வீட்டுப் பெண் நித்யாவுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா மத்திய அரசில் அதிகாரி, கும்பகோணம் பக்கத்துக்காரர். நித்யா பிறந்து வளர்ந்தது இங்கே. தமிழ் அவள் காதுக்குத் தெரியும், நாக்குக்குப் பாதி தெரியும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. இரண்டு மாதமாக நாங்கள் ககர வரிசையில் நடந்துகொண்டிருக்கிறோம். அவளுக்கு அவசரமில்லை. எனக்கும் இல்லை.

போன ஞாயிறு அவள் ஒரு கணக்குத் தேர்வுத்தாளை நோட்டுக்கு அடியிலிருந்து உருவி என் பக்கம் தள்ளினாள். மதிப்பெண் சொல்லும்படி இல்லை. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"அக்கா, ப்ளீஸ், இதுல அப்பா சைன் போட்டுக் கொடுங்களேன். உங்க ரைட்டிங் அச்சா இருக்கு, ஜல்தி முடிஞ்சுடும்."

முடியாது என்று சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை. தாளைத் திருப்பித் தள்ளிய வேகத்தில் பென்சில் டப்பா கீழே விழுந்தது. நித்யா குனிந்து பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டே, "மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுங்க அக்கா. இவ்ளோ குஸ்ஸா எதுக்கு?" என்றாள்.

கோபம் அவள்மேல் இல்லை. எதனால் என்று அவளிடம் சொல்ல முயன்றால் அதற்கு ககர வரிசை போதாது. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா லாரிகளில் லோடு ஏற்றுகிறவர். அம்மா சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறவள். அம்மாவின் பெயர் காளியம்மாள். இந்தப் பெயரை என் பெயரைவிட அதிக முறை நான் எழுதியிருக்கிறேன்.

ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் மதிப்பெண் அட்டை கொடுத்தார்கள். அம்மா அதில் பெருவிரல் ரேகை வைத்தாள். மறுநாள் அட்டைகளை மேசைமேல் அடுக்கியபோது மற்றவர்களின் அட்டைகளில் எல்லாம் கோணலோ நேரோ ஏதோ ஒரு எழுத்து இருந்தது. என் அட்டையில் ஊதா நிறத்தில் ஒரு கறை. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குக் கேட்டது.

அடுத்த பருவத்தில் நானே எழுதினேன், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். மு. காளியம்மாள். கடைசி ள்ளுக்கு ஒரு சுழி கொடுத்து அதன் வாலைக் கீழே இழுத்துவிட்டேன், பெரியவர்கள் கையெழுத்து மாதிரி இருக்கட்டும் என்று. அம்மா வெகுநேரம் அதைப் பார்த்தாள். "நல்லா இருக்கே. இதுதான் என் கையெழுத்தா?" என்றாள்.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு முறை உண்டாயிற்று. நான் எழுதுவதற்கு முன் பேனாவை அம்மாவிடம் நீட்டுவேன். அவள் அதன் பின்முனையை ஒரு விரலால் தொடுவாள். தொட்டுக் கொடுத்தபின் நான் எழுதுவேன். எங்கே கற்றாள் என்று தெரியாது. பத்திரம் எழுதுகிற இடத்தில் யாரோ செய்வதைப் பார்த்திருக்கலாம். சாமிக்கு முன்னால் தட்டைத் தொட்டுக் கொடுப்பது போலத்தான் தொடுவாள். ஊரில் இருந்தவரை அவள் தொடாமல் ஒருமுறைகூட நான் எழுதியதில்லை.

பள்ளி அட்டை, சாதிச் சான்று மனு, உதவித்தொகைப் படிவம், நூறு நாள் வேலைக் காகிதம், மகளிர் குழு நோட்டு எல்லாவற்றிலும் அந்தச் சுழித்த ள். கல்லூரிக்காக விடுதிக்குப் போன பிறகு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் குழு நோட்டில் வரப்போகிற மாதங்களின் கட்டங்களிலும் போட்டுவைத்துவிட்டுப் போவேன். அம்மா ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முறை பேனாவைத் தொடுவாள். எங்கள் வீட்டில் கைநாட்டு ஒழிந்துவிட்டது என்பதில் எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. அந்தப் பெருமையோடுதான் சட்டம் படிக்கப் போனேன்.

நீங்கள் கேட்கலாம், சட்டம் படித்தவளுக்கு இது தவறு என்று தெரியாதா என்று. இன்னொருவர் கையெழுத்தைப் போடக்கூடாது என்று தெரியும். அது இன்னொருவர் கையெழுத்து என்று தோன்றவில்லை. அவ்வளவுதான்.

3

மேற்படிப்புக்காகத் தில்லி வந்து இது மூன்றாவது பனிக்காலம். வந்த முதல் நாள் சேர்க்கைப் படிவத்திலும் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. வரிசையில் நின்றபடியே, பேனாவின் பின்முனையை நானே ஒருமுறை தொட்டுக்கொண்டு, தமிழில் எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன மொழி என்று இந்தியில் கேட்டார். தமிழ் என்றேன். அச்சா என்று முத்திரை குத்தினார். அம்மா அன்றைக்கே தில்லிக்கு வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

முனிர்காவில் மூன்றாவது மாடியில் அறை. சந்துகள் குறுகல். எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி என் ஜன்னலுக்குத் திரையாகும். வானம் ஒரு நாடா அகலம். பனிக்காலத்தில் அந்த நாடாவும் கிடையாது. காலை பத்து மணிவரை தெரு முழுக்கப் பால் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும். அதற்குள்ளிருந்து ஒரு சைக்கிள் மணி வரும், பிறகு சைக்கிள் வரும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பித்தூள் அரைக்கிற கடை வாசலில் மாதம் ஒருமுறை நிற்பேன். வாங்குவது கால் கிலோ, நிற்பது கால் மணி நேரம்.

வீட்டுக்குப் பேசும்போது சரி என்பதற்குப் பதிலாக என் வாயில் அச்சா வந்துவிடும். அம்மா சிரிப்பாள். "யாருடி அந்த அச்சா? நாலு வார்த்தைக்கு ஒருக்கா அவனக் கூப்புடுத?"

நான் படிக்கும் பாடம் தேர்தல் சட்டம். எங்கள் பேராசிரியை அதை நடத்தும் விதம் தனி. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு சினிமா. திங்கள் காலை ஒரு தீர்ப்பு. படம் ஓடும்போது திடீரென்று நிறுத்திவிட்டு, இருட்டிலிருந்தே கேட்பார்: இந்தக் காட்சியில் சட்டம் எங்கே இருக்கிறது? முதலில் எங்களுக்குத் தெரியாது. மேடையைப் பார்ப்போம், கொடியைப் பார்ப்போம், கும்பலைப் பார்ப்போம். முகங்களை விட்டுவிடுங்கள், கைகளைப் பாருங்கள் என்பார். ஓட்டுப் போடுகிற கை. பெட்டியைப் பூட்டுகிற கை. பட்டியலில் ஒரு பெயரை அடிக்கிற கை. தேர்தல் என்பது கடைசியில் கைகள் செய்கிற வேலை என்று அவர் சொல்வதில்லை. படம் பார்த்து முடிக்கும்போது நமக்கே அப்படித் தோன்றிவிடும்.

மதிய வெயிலிலிருந்து அந்த இருட்டு அறைக்குள் போவதும், இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து கண் கூசி நிற்பதும் எனக்குப் பழகவே இல்லை. வெளியே வந்ததும் சில நிமிடம் எது எந்த ஊர் என்று குழம்பும். மதுவிலக்குக் காலத்து மலைக் கிராமமா, ஆற்றங்கரையா, தில்லியா? மரத்தடியில் டீ விற்கிறவரின் குரல் கேட்டபின்தான் தில்லி மெல்லத் திரும்பி வரும்.

4

சென்ற மாதம் அம்மா போன் செய்து, வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு நிற்கப்போவதாகச் சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் சொன்னாள்.

எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு. மகளிர் குழுக்காரர்கள் ஒன்று கூடி அம்மாதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். தெருக் குழாய் விஷயத்தில் ஊராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து சண்டை போட்டவள் அவள். குழுத் தலைவி லட்சுமி அத்தை முன்மொழிவதாகச் சொல்லியிருந்தார். எதிரே நிற்பது பழைய உறுப்பினரின் மனைவி. அவர்கள் பக்கத்தில் இப்போதே ஒரு பேச்சு கிளம்பியிருந்தது: கைநாட்டு மெம்பரு வந்தா ஊரு வெளங்கிரும்.

"சொல்லிட்டுப் போறாளுக," என்றாள் அம்மா. "நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன். என் கையெழுத்து டெல்லியில இருக்குன்னு. நீ அங்கருந்தே போட்டு அனுப்பு, பாப்பா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. முனிர்காவில் ஜெராக்ஸ் கடையில் வேட்புமனுப் படிவத்தை அச்செடுத்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மேசையைத் துடைத்து, என்னிடம் இருப்பதில் நல்ல பேனாவை எடுத்தேன். பெயர், கணவர் பெயர், வயது, வாக்காளர் பட்டியல் வரிசை எண். இத்தனை வருடம் நான் படித்ததெல்லாம் இந்த ஒரு காகிதத்துக்காகத்தான் என்று இருந்தது. லட்சுமி அத்தையின் இடத்தை அவருக்காகக் காலியாக விட்டேன். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் திரைக்கு அருகே விரலைக் கொண்டுவந்தாள். பேனாவின் பின்முனையைக் கேமராவிடம் நீட்டினேன். தொட்டாள். எழுதினேன். சனிக்கிழமை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன்.

வேட்புமனுவுக்கு வியாழன் கடைசி நாள். வெள்ளி பரிசீலனை.

5

தபால் அனுப்பியதற்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமைப் படம் ஓர் ஆற்றைப் பற்றியது. மூடுபனி. ஒரு படகோட்டி வாக்குப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கரைக்குப் போகிறான். போகிறான், போகிறான், கரை வருவதில்லை. அக்கரையில் மை அட்டையைப் பிடித்துக்கொண்டு ஓர் அதிகாரி காத்திருக்கிறார். கடைசியில் ஒரு கிழவர் தன் பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைக்கிறார். திரை முழுக்க அந்த விரல். ரேகைகள் உழுத நிலம் போல.

பின்வரிசையில் யாரோ, "அங்கூட்டா சாப்" என்றான். சிரிப்பு. அங்கூட்டா என்றால் பெருவிரல், சாப் என்றால் அச்சு. இந்தியிலும் அது கைநாட்டுத்தான், அதே ஏளனம்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இப்போது அது இல்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி ஓடியதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேராசிரியை படத்தை அந்த விரலில் நிறுத்திவைத்தார். இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை. திங்களன்று வாருங்கள் என்றார்.

திங்கள் காலை தீர்ப்பு. வழக்கின் பெயரை விட்டுவிடுகிறேன். ஒருவர் தேர்தலுக்கு நிற்க மனுக் கொடுக்கிறார். எழுதத் தெரியாதவர். வீட்டில் உட்கார்ந்து ரேகை வைத்து, வேண்டியவர் ஒருவர் பக்கத்தில் பெயர் எழுத, காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மனு தள்ளுபடி. நீதிமன்றம் வரை போனார். அங்கேயும் தள்ளுபடி. எழுதத் தெரியாதவரின் அடையாளம் அதிகாரியின் கண் முன்னால் வைக்கப்பட வேண்டும். அவர் அதற்குச் சான்று எழுத வேண்டும். அப்படி இல்லையென்றால் அந்தக் காகிதத்தில் வேட்பாளரின் கையே இல்லை என்று பொருள்.

பேராசிரியை கேட்டார்: ரேகை உண்மையில் அவருடையதுதான். அதை யாரும் மறுக்கவில்லை. பிறகு ஏன் இவ்வளவு கடுமை?

வழக்கமாக முதலில் கை தூக்குவது நான். அன்றைக்கு மேசைக்கு அடியில் என் கையை என் இன்னொரு கை பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் தன் சொந்த விரலைத்தான் வைத்தார். அதுவே செல்லவில்லை. நான் அனுப்பிய காகிதத்தில் அம்மாவின் விரல்கூட இல்லை. அது இந்நேரம் ஏதோ ரயிலின் தபால் பெட்டியில் போபாலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும், மடியில் பெட்டியோடு அந்தப் படகோட்டி போனது போல.

வகுப்பு முடிந்ததும் நூலகத்துக்குப் போய் எங்கள் மாநிலத்து உள்ளாட்சி விதிகளை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே பொருளில் ஒரு வரி இருந்தது. இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

6

அன்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் அப்போதுதான் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்திருந்தாள். தபால் வந்தால் அதைக் கொடுக்காதே, வேறு படிவம் ஊராட்சி அலுவலகத்திலேயே கிடைக்கும், லட்சுமி அத்தை மகனை வைத்து எழுதிக்கொள், அதிகாரியின் முன்னால் நீயே பெருவிரல் வை, அவர் பக்கத்தில் எழுதித் தருவார் என்று சொல்லிமுடித்தேன். சட்டம் சொல்கிற குரலில் சொன்னேன். எனக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை.

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"கைநாட்டா?"

"ஆமாம்மா."

"அத்தன பேரு பாக்க?"

"அதிகாரி பாக்கணும். அதான் சட்டம்."

"ரேஷன் கடை மிசினுக்கே என் ரேக விழ மாட்டேங்குது. கட்டையும் பசையும் எல்லாத்தையும் தின்னுருச்சு. அங்க போயி விழலன்னா?"

"இது மிசின் இல்லம்மா. மைதான். எப்படி விழுந்தாலும் போதும்."

பிறகு கேட்டாள்: "அப்ப இத்தன வருசமா நான் போட்டது?"

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். "அது நான் போட்டதும்மா," என்றேன்.

"நான் தொட்டுக் குடுத்தேன்ல?"

"தொட்டுக் குடுத்தது காகிதத்துல தெரியாதும்மா."

வியாழனுக்குள் பெயர் எழுதப் பழகிக்கொள்ளலாமா என்று நானே கேட்டேன். "மூணு நாள்ல கோடு கிழிக்கப் பழகி அத என் பேருன்னு காட்டவா?" என்றாள். அதில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "அப்ப நான் நிக்கல, பாப்பா. விட்டுரு." போனை வைத்துவிட்டாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் எடுக்கவில்லை. அப்பாவின் போன் லோடு ஏற்றும் நேரங்களில் அணைந்தே இருக்கும். ரயில் ஏறிவிடலாமா என்று யோசித்தேன். ஏறினால் எப்படியும் வியாழனைத் தவறவிடுவேன். ஏறி, பறந்தே போய்ச் சேர்ந்தாலும் அங்கே நான் செய்வதற்கு எதுவும் இல்லை. அம்மாவின் வாழ்க்கையில் ஒரு காகிதத்துக்கு என் கை தேவைப்படாதது அதுதான் முதல் முறை. தேவைப்படாதது மட்டுமல்ல, படக்கூடாது. இந்த எண்ணத்தோடு முனிர்காச் சந்துகளில் நடந்துகொண்டே இருந்தேன். பனி இறங்கி, எதிரே வருகிறவர்கள் கடைசி நேரத்தில்தான் ஆளாக மாறினார்கள். ஒவ்வொருவரும் முதலில் அம்மாவாகத் தெரிந்து, பிறகு வேறு யாரோ ஆனார்கள்.

ஆறாம் வகுப்பில் அந்த ஊதாக் கறையைப் பார்த்து நான் குனிந்தபோது, அம்மா பக்கத்தில் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் நான் ஒன்றும் சொல்லாமலே அவள் கேட்டாள்: அட்டையப் பாத்து என்ன சொன்னாங்க, பாப்பா? அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த முறை என்னை எழுதவிட்டது என் வெட்கத்தை மூட. பேனாவைத் தொட்டது தன்னை விட்டுக்கொடுக்காமல் இருக்க. இது எனக்கு முனிர்காவில், இத்தனை வருடம் கழித்து, மொமோ கொழுக்கட்டை விற்கிற ஒரு வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோது புரிந்தது.

வியாழன் மதியம் அப்பா கூப்பிட்டார். பின்னால் லாரி இரைச்சல். "ஒங்கம்மா கெளம்பிட்டா," என்றார். "காலையில தபாலு வந்துச்சு. பிரிச்சு, ஒன் எழுத்த ஒருவாட்டி தடவிப் பாத்தா. டிரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டா. லட்சுமியக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா."

7

வெள்ளி பரிசீலனை. எங்களுக்கு வெள்ளி படம். போனை அமைதியில் வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். அன்றைய படம் ஒரு தேர்தல் வழக்கைப் பற்றியது; சாட்சிக் கூண்டில் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறிக்கொண்டே இருந்தார்கள். நான் பார்க்கவில்லை. திரையில் எந்தக் கதவு திறந்தாலும் அதற்கு அப்பால் எங்கள் ஊராட்சி அலுவலகம் இருந்தது. பச்சை பெயின்ட், மரப் பெஞ்சு, மை அட்டை. எந்த நீதிபதி நிமிர்ந்தாலும் அம்மாவைத்தான் பார்த்தார். கைகளைப் பாருங்கள் என்று பேராசிரியை இருட்டில் சொன்னார்.

வெளியே வந்தபோது வெயில் இருந்தது, பனிக்காலத்தில் அபூர்வமான வெயில். லட்சுமி அத்தையின் அழைப்புகள் நான்கு விட்டுப்போயிருந்தன. டீக்கடை மரத்தடியில் நின்று கூப்பிட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

வியாழனன்று அதிகாரியின் முன்னால் அம்மா பெருவிரல் வைத்திருக்கிறாள். முதல் தடவை விழவில்லை, நடுவில் வெறும் மை. அதிகாரி துணி கொடுத்துத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வைக்கச் சொன்னார். அதில் ஓரமாக நாலு கோடு தெரிந்தது. பக்கத்தில் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள்.

பரிசீலனையில் எதிர்த்தரப்பு எழுந்து நின்றது. பழைய உறுப்பினர் மகளிர் குழு நோட்டின் ஜெராக்ஸை மேசைமேல் வைத்தார். மாதாமாதம் மு. காளியம்மாள் என்று அழகான கையெழுத்து. "இந்தம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், சார். இங்க மட்டும் எப்படிக் கைநாட்டு? ஒண்ணு இது பொய்யி, இல்ல அது பொய்யி. மனுவத் தள்ளுங்க," என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னம்மா இது என்று கேட்டார்.

வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று லட்சுமி அத்தைக்குத் தோன்றியதாம்.

அம்மா எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனாள். ஜெராக்ஸில் அந்த ள்ளின் வாலைக் காட்டினாள்.

"இது எம் மக எழுத்துங்கய்யா. நான் தொட்டுக் குடுத்தேன், அவ எழுதுனா. எனக்கு எழுதத் தெரியாது." பிறகு மனுவைக் காட்டினாள். "இது என் வெரலு. ஒங்க கண்ணு முன்னால வச்சது. ஒங்களுக்கு எது வேணும்?"

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். குழு நோட்டு வேறு, வேட்புமனு வேறு; எழுதத் தெரியாது என்று அவரே சொல்கிறார், ரேகை என் முன்னால் வைத்தது, சான்று என்னுடையது என்றார். ஏற்றுக்கொண்டேன் என்று எழுதினார்.

லட்சுமி அத்தை சொல்லிக்கொண்டே அழுதார். நான் மரத்தில் சாய்ந்து நின்றேன். திங்கட்கிழமைக் கேள்வி நினைவு வந்தது. ரேகை அவருடையதுதான், யாரும் மறுக்கவில்லை, பிறகு ஏன் இவ்வளவு கடுமை? ஒரு ஆளுக்குப் பதிலாக இன்னொரு ஆள், எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அங்கே போய் நிற்கக்கூடாது என்பதற்காக. அந்த அறையில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பதற்காக. பேராசிரியையிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த திங்கள் கை தூக்குவேன்.

8

ஞாயிறு காலை, மோதி பாக்குக்குக் கிளம்பும் முன், அம்மாவே கூப்பிட்டாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றுதான் பேசினோம். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சின்னம் ஒதுக்கும் நாளில் பேனா கேட்கலாம் என்று இருப்பதாகவும், பட்டியலில் சீப்பும் கட்டிலும்தான் இருப்பதாக லட்சுமி அத்தை சொல்வதாகவும் சொன்னாள். சீப்புன்னா எல்லாரு வீட்டுலயும் இருக்கும், அதுவே நல்லது என்றாள். நான் அச்சா என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நின்ற பிறகுதான் என்னால் மன்னிப்புக் கேட்க முடிந்தது, சுற்றி வளைத்து, பாதி வாக்கியத்தில்.

"என்னத்துக்கு?" என்றாள். "குழு நோட்டுல இனிமே நானே வெரல வச்சிக்கிடுதேன். நீ ஒம் பேரப் போடு. அது போதும்."

அதற்குப் பிறகுதான் மோதி பாக் போய் நித்யாவின் தேர்வுத்தாளைத் தள்ளிவிட்டேன். பென்சில்களைப் பொறுக்கியபின் அவள் அதை அப்பாவிடமே கொண்டுபோனாள். உள்ளே குரல் உயர்ந்து, தணிந்தது. திரும்பி வந்தபோது தாளில் ஓர் ஆங்கிலக் கிறுக்கல் இருந்தது. கண் கொஞ்சம் சிவந்திருந்தது. க, கா என்று மறுபடி தொடங்கினோம்.

நேற்று கைநாட்டைப் பற்றி எழுதிய என் பருவக் கட்டுரையைத் துறையில் ஒப்படைத்தேன். முதல் பக்கத்தில், இது என் சொந்த எழுத்து என்று உறுதி கூறி ஒரு கையெழுத்து கேட்டிருந்தார்கள். இதுவரை என் பெயரை அவசரமாக ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாகக் கீறித்தான் பழக்கம். அழகாக எழுதப் பழகிய ஒரே பெயர் என்னுடையது அல்ல. ஜன்னலுக்கு வெளியே பனி விலகிக்கொண்டிருந்தது. தமிழில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன்.

பழக்கத்தில் ஒரு கணம் காத்திருந்தேன். பேனாவின் பின்முனையை யாரும் தொடவில்லை. எழுதினேன்.